ஆறு மணிக்குப் பிறகு பத்து மணி

மாலை ஆறு மணிக்கு, நொச்சிப்புதூர் கிட்டுசாமியின் கொட்டகையில் பதினெட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தபோது, ஓரத்துத் தறிகள் இரண்டுக்கும் நடுவில் நின்றிருந்த வெள்ளிங்கிரி முழங்கையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, பகல் ஷிப்ட் முடிந்ததா என்று வாசலைப் பார்த்தான். வாசலில் கிடந்த வெயில் போய் அங்கே இருட்டு நின்றது. சுவர்க் கடிகாரம் பத்து காட்டியது. தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் அது நடந்து முடிந்திருந்தது, துணியில் அந்த இடத்தில் ஓர் இழைகூட விடுபடவில்லை. வெள்ளிங்கிரி சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அவன் தெருமுனை திரும்பும்போது, நூல்மில்லின் வேன் அவன் மனைவி பூவாத்தாளை ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

இது ஏன் நடந்தது என்று ஊரில் யாரும் அதிகம் யோசிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அரசாங்கம் ஓர் ஆணை போட்டிருந்தது. மாலை ஆறு முதல் இரவு பத்து வரை உச்ச நேரம், அந்த நேரத்தில் தறி ஓட்டினால் கரண்டுக்குக் கட்டணம் கால் பங்கு கூடுதல், சிறு தறி முதலாளிகளுக்கு ஆகும் கூடுதல் செலவை நிவாரணமாகப் பின்னர் பரிசீலிப்பார்கள், வீடுகளுக்கு முதல் நூறு யூனிட் இலவசம் பழையபடி தொடரும் என்று அதில் இருந்தது. தறி உரிமையாளர் சங்கம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூடியது. சங்கச் செயலாளர் கிட்டுசாமிக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். அப்படி ஒரு நேரமே நம்ம ஊருக்கு வேண்டியதில்லை, வேண்டாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். முதலாளிகள் தூக்கினார்கள். மண்டபத்தை நிறைப்பதற்காகக் கூட்டிவரப்பட்டிருந்த தறிக்காரர்கள் தங்கள் தங்கள் முதலாளி திரும்பிப் பார்த்த மாத்திரத்தில் தூக்கினார்கள். வெள்ளிங்கிரியும் தூக்கினான். பூசாரி மணியை அடித்தார். மணியடித்து முடித்த தீர்மானத்தை அந்த ஊர் ஒருநாளும் திரும்ப எடுத்ததில்லை. ஒரு தலைமுறைக்கு முன்னால் மணியடித்து விலக்கிவைத்த சலவைக் கல் இன்னும் குளத்து மேட்டில் துணி காணாமல் கிடக்கிறது. ஆணை நடைமுறைக்கு வந்த அன்றைக்கு, வேண்டாம் என்று சொன்ன அந்த நாலு மணி நேரமும் வராமல் போனது.

முதல் வாரத்தில் சில சங்கடங்கள் இருந்தன, இரண்டாவது வாரத்தில் அவை பழக்கமாயின. அடுப்பில் பாதி வெந்த அரிசி ஆறு மணிக்குப் பாதி வெந்ததாகவே பத்து மணிக்கும் இருந்தது என்பதால் பெண்கள் ஐந்து மணிக்கே சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார்கள். கோயிலில் சாயரட்சையை ஐந்தரைக்கு மாற்றினார்கள். மாலையில் விரியவேண்டிய மல்லிகை விரியாமல் மொட்டாகவே வாடியது, பெண்கள் மொட்டையே தொடுத்து வைத்துக்கொண்டார்கள். டிவி தொடர்களில் என்ன ஆனது என்று வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள்கள் மறுநாள் காலையில் போனில் சொன்னார்கள். அரசு மதுக்கடை பத்து மணிக்கு மூடவேண்டும் என்பது விதியாகையால் ஆறு மணிக்குத் திறந்திருந்த ஷட்டர் அதே கணத்தில் இறங்கியது, ஆண்கள் மத்தியானமே குடித்தார்கள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளை வாத்தியார்கள் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மணிகளில் ஊரில் ஒரு குழந்தை பிறக்கவில்லை, ஓர் உயிர் போகவில்லை, கொசுகூட முன்னளவுக்கு இல்லை என்று சொன்னார்கள். எல்லாவற்றையும்விட, சாயங்கால விளக்கும் மின்விசிறியும் டிவியும் ஓடாததால் அநேகமாக எல்லா வீடுகளும் நூறு யூனிட்டுக்குள் நின்றன. ரீடிங் எடுக்க வந்த ஊழியர் வீட்டுக்கு வீடு சைபர் எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது என்று ஊர் இருந்துவிட்டது.

வெள்ளிங்கிரிக்கு மட்டும் பேச ஒன்று இருந்தது.

அவனுக்கு நாற்பத்தாறு வயது, பூவாத்தாளுக்கு நாற்பத்தொன்று. பிள்ளை இல்லை. காலை ஆறு மணிக்கு அவன் வீட்டைவிட்டுக் கிளம்புவான், கால்மணி நேரத்தில் மில் வேன் அவளை இறக்கிவிடும். அவள் தூங்கி எழுந்து சமைத்து முடித்தால் ஆறு மணிக்கு அவன் வருவான். பத்து மணிக்கு வேன் ஹாரன் அடிக்கும், அவள் போவாள். பதினேழு வருஷக் கல்யாணம் பெரும்பாலும் அந்த நாலு மணி நேரத்தில்தான் நடந்தது. சண்டையும் அதில்தான். ஒரு நாள் கிளம்பிய சண்டை முடிவதற்குள் ஹாரன் அடித்துவிட்டால், மிச்சத்தை மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துவைத்துப் பேசி, யாராவது ஒருவர் இறங்கிப்போய், வெற்றிலை மடித்துக்கொடுத்து முடித்துக்கொள்வார்கள். மறுநாளைத் தாண்டிய சண்டை அந்த வீட்டில் கிடையாது.

நேரம் காணாமல் போவதற்கு முந்தைய நாள், பூவாத்தாள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டாள். தொட்டி நிரம்பிச் சுவரெல்லாம் தண்ணீர் வழிந்தது. அந்த ரீடிங் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது, மீட்டர் நூறைத் தொட்டுக்கொண்டிருந்தது, உச்ச நேரம், உயர்வு என்று கொட்டகையில் பகல் முழுக்கக் கேட்ட பேச்சு அவன் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. சமையற்கட்டில் நின்று அவன் சொன்னான், "ரெண்டு பேரு இருக்கற ஊட்டுக்கு எதுக்கு இத்தனை தண்ணி? புள்ள குட்டியா கெடக்குது, குளிப்பாட்டி உட?"

பூவாத்தாள் சுவிட்சை அமத்தினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். வேன் ஹாரன் அடித்தது. நாளைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வெள்ளிங்கிரி நினைத்தான், எப்போதும் அப்படித்தான் நினைப்பான். மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகான நேரம் வரவில்லை.

அதன்பின் அவன் அவளை வேன் ஜன்னலில் பார்த்தான். காலையில் அவன் கொட்டகைக்குப் போகும்போது தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வேன் எதிரே வரும். முதல் நாட்களில் அவள் ஜன்னல் வழியே பார்த்தாள், கை காட்டவில்லை, பார்த்தாள். பிறகு கண்ணாடியில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தாள். பிறகு கண்ணாடியில் திரை போட்டுவிட்டார்கள். வீட்டில் அவனுக்கு மூடி வைத்த சோறு இருந்தது. தொட்டியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. அவள் அந்த நாளுக்குப் பிறகு தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பவில்லை. இரவு பத்தேகாலுக்கு அவன் குளிக்கும்போது பாதிக் குளியலில் குழாய் சீறிவிட்டு நிற்கும், சோப்பு நுரையோடு அவன் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பான். போனில் சொல்லிவிடலாமே என்று ஒருமுறை எடுத்தான். மில்லுக்குள் போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள், பகலில் அவள் தூங்குவாள், தறிச் சத்தத்தில் அவனால் கத்தித்தான் பேசமுடியும். அந்தப் பேச்சைக் கத்திப் பேசமுடியாது.

முதலில் வந்த விடுமுறைகளை அவள் தூங்கியே கழித்தாள், பிறகு விடுமுறையும் இல்லாமல் போனது. அது இப்படி நடந்தது. மின்வாரிய அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருந்த ஜெசிந்தா மேரி என்ற தென்காசிப் பக்கத்து அம்மா, நொச்சிப்புதூர் முழுவதும் மாலை ஆறிலிருந்து பத்து வரை ஒரு யூனிட்கூட ஓடவில்லை என்று மீட்டர்கள் சொல்வதைக் கண்டு, முதலில் திருட்டு என்று நினைத்துப் பறக்கும் படையைக் கூட்டிக்கொண்டு வந்தார். படை ஐந்தே முக்காலுக்கு வந்து மீட்டர்களின் சீலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து மணியாகிவிட்டது. அவர்கள் அங்கேயே டீ சொல்லிக் குடித்துவிட்டு, "உச்ச நேரப் பயன்பாடு இல்லை, முறைகேடு இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் ஊருக்கு மின்சிக்கனத்துக்கான கேடயம் வந்தது. இத்தனை மிச்சம் பிடித்த ஊருக்கு ஊக்கமாக, வாரம் ஒரு நாள் கட்டாயமாக விட்டுவந்த மின்விடுமுறையை அரசாங்கம் ரத்து செய்தது. தறிகள் ஏழு நாளும் ஓடின. உச்ச நேரமே இல்லாத ஊருக்கு உச்ச நேர நிவாரணமும் கிடையாது என்று ஒரு சுற்றறிக்கை பின்னாலேயே வந்ததில் கிட்டுசாமி மட்டும் கொஞ்ச நாள் முறுமுறுத்தார், கட்டாத பணத்துக்கு நிவாரணம் வராததை ஒரு நஷ்டமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். மில் நிர்வாகம் நொச்சிப்புதூர் ஆட்களுக்கு ஒரு நாள் என்பது இருபது மணி நேரம்தான் என்று கணக்குப்போட்டு, குறைந்த மணிகளுக்காக அவர்களுடைய வார விடுமுறையைக் கழித்தது.

வெள்ளிங்கிரி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வீட்டிலிருந்தான். காலையில் வேனிலிருந்து இறங்கிய பூவாத்தாள், "ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?" என்று கேட்டாள். அவன் இல்லை என்றான். அவள் இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். அவளை எழுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் அவள் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தபோது ஆறாக ஒரு நிமிஷம்தான் இருந்தது, அவன் வாயைத் திறப்பதற்குள் பத்து மணியாகி ஹாரன் அடித்தது.

ஊர் எல்லைக்கு வெளியே அந்த நேரம் இருக்கிறது என்பதை டவுன் பஸ்காரர்கள் கண்டுபிடித்தார்கள். "நொச்சிப்புதூர் பேரூராட்சி நன்றியுடன் வழியனுப்புகிறது" என்ற பலகையைத் தாண்டி ஒரு சிறு பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் கள்ளிமேடு. ஆறு மணிக்குள் பாலத்தைத் தாண்டிவிட்டால் ஏழும் எட்டும் ஒன்பதும் முன்னைப்போலவே வந்தன. முதலாளிகள் கள்ளிமேட்டில் வீடு பிடித்து அதைச் சாயங்கால வீடு என்றார்கள். தினமும் ஐந்தரைக்குக் காரில் குடும்பத்தோடு போய், சாப்பிட்டு, டிவி பார்த்து, பத்தரைக்குத் திரும்பினார்கள். கல்யாண வரவேற்புகள் அங்கே போயின. ஊரே வந்து விளக்குப் போட்டதில் கள்ளிமேட்டு வீடுகள் நூறு யூனிட்டைத் தாண்டிவிட்டன என்று அந்த ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். வீடு பிடிக்க வழியில்லாதவர்கள் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார்கள்.

வெள்ளிங்கிரி மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் தறியை நிறுத்தாமல் ஓட்டி, ஒரு நாள் ஐந்தரைக்குக் கிளம்ப அனுமதி வாங்கினான். பக்கத்து வீட்டில் சொல்லி அனுப்பியதில் பூவாத்தாள் பாலத்துக்கு வந்துவிட்டாள். வேனை அங்கேயே வரச் சொல்லியிருந்தாள். பாலத்துக் கட்டையின் இரண்டு பக்கமும் ஊர் உட்கார்ந்திருந்தது. யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். பாலத்தடியில் பிள்ளைகள் கல் எறிந்துகொண்டிருந்தன. ஆறு மணி ஆனது, ஆறு ஒன்று ஆனது. ஆறு ஒன்றைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று ஒரு பெரியவர் சொன்னார்.

"எளச்சுப் போயிட்டீங்க" என்றாள் பூவாத்தாள்.

"நீயுந்தான்."

"மில்லுல ஏசி போட்டிருக்காங்க. பஞ்சுக்கு."

அவன் தொண்டையைச் செருமினான். அப்போது கிட்டுசாமியின் மனைவி காரிலிருந்து இறங்கி வந்து, அவர்கள் பக்கத்திலேயே இடம் பண்ணி உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து நீட்டினாள். "தட்டவடை எடுத்துக்க பூவாத்தா. ஊட்டுக்குள்ளயே கெடந்திருந்தா இப்புடி எல்லாருமா உக்காந்து திம்பமா? எல்லாம் நல்லதுக்குத்தான்." பூவாத்தாள் ஒன்று எடுத்துக்கொண்டு, நல்லா இருக்குதுங்க என்றாள். கிட்டுசாமியின் மனைவி ஒன்பதரை வரை தன் மருமகளைப் பற்றிப் பேசினாள். வெள்ளிங்கிரி கேட்டுக்கொண்டிருந்தான். சமையற்கட்டில் நாலு சுவருக்குள் சொன்ன சொல்லை ஊரை வைத்துக்கொண்டு பாலத்தில் எப்படித் திரும்ப எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. இன்ன சொல் சொன்னேன் என்று ஆரம்பித்தால் பாலம் முழுவதும் அந்தச் சொல்லைக் கேட்கும். வேன் வந்தது. மறுநாள் எல்லாத் தறிக்காரர்களும் ஐந்தரைக்குக் கிளம்பக் கேட்டதால் கிட்டுசாமி யாருக்கும் அனுமதியில்லை என்றுவிட்டார்.

மே மாதம், கட்டண ஆணையைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்க மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து மூன்று பேர் சென்னையிலிருந்து வந்து கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். பக்கத்து ஊர் முதலாளிகளும் வந்திருந்து, தங்கள் ஊரிலும் அந்த நாலு மணி நேரத்தை எடுத்துவிட வழி செய்யவேண்டும் என்று மனு கொடுத்தார்கள். தொழிற்சங்கத்தார் ஒருவர், உழைப்பவனுக்கென்று இருந்ததே அந்த நேரம்தான், அதைத் திரும்பக் கொடுங்கள் என்றார். நடுவில் உட்கார்ந்திருந்தவர் நிதானமான மனிதர். ஆணை எந்த மணியையும் தடைசெய்யவில்லை, விலைதான் நிர்ணயித்திருக்கிறது, வேண்டுபவர்கள் தனித்தனியே விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம், எந்த வகைப்பாட்டில் கட்டணம் என்பது பின்னர் தெரிவிக்கப்படும் என்றார். கூட்டம் முடியும் நேரத்தில் வெள்ளிங்கிரி எழுந்தான். எதற்காக எழுந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. மைக்கைக் கொண்டுவந்து அவன் வாயருகில் நீட்டினார்கள். நீங்கள் எந்தச் சங்கத்தின் சார்பாகப் பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள்.

"சங்கமெல்லாம் இல்லீங்க. என்ற ஊட்டுக்காரிகிட்ட ஒரு பேச்சு பாக்கி இருக்குதுங்க."

மண்டபத்தில் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவன், "எழுதிக் குடுத்துட்டுப் போ வெள்ளிங்கிரி, அய்யா கொண்டுபோய்க் குடுத்துருவாரு" என்றான். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. இது ஆணையத்தின் வரம்புக்கு வெளியே உள்ள விஷயம் என்று மரியாதையாகச் சொன்னார். குறிப்பெடுத்தவர் அதை வீட்டு உபயோகம் என்ற தலைப்பின்கீழ் எழுதிக்கொண்டார். வெள்ளிங்கிரி உட்கார்ந்தான். கிட்டுசாமி திரும்பிப் பார்த்தார், பார்த்ததோடு சரி.

ஜூன் மாதக் கடைசியில், ராத்திரித் தறிக்கு நின்ற ஒடிசாக்காரன் ஒருவன் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வரவில்லை. வெள்ளிங்கிரி போய்க் கேட்டான்.

"நைட்டுக்கா?" என்றார் கிட்டுசாமி. "உனக்கென்ன பைத்தியமா? நாலு மணி நேரம் இல்லாத ஷிப்ட் அது. கூலி கொறையும்."

"தெரியுமுங்க."

"இந்த வயசுல கண்ணு சொருகும். நாடா தெறிச்சா மூஞ்சி போயிரும்."

"பாத்துக்கறனுங்க மொதலாளி."

கிட்டுசாமி அவனை நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு மண்டபத்துல சொன்னியே, அதுக்கா?" என்றார். வெள்ளிங்கிரி முழங்கைப் பஞ்சைத் தட்டிவிட்டான். "செரி, நில்லு போ" என்றார் கிட்டுசாமி.

அப்படி வெள்ளிங்கிரி இரவெல்லாம் தறி ஓட்டி, காலை ஆறு மணிக்குக் கொட்டகையைவிட்டு வந்து, வீட்டு வாசலில் நின்றான். ஆறேகாலுக்கு வேன் வந்தது. பூவாத்தாள் இறங்கி, அவனைப் பார்த்து, செருப்பைக் கழற்றினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் விழித்திருக்கையில் ஒரே கதவு வழியாக உள்ளே போனார்கள்.

அவன் பால் வாங்கி வைத்திருந்தான். அவள் டீ போட்டாள். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது, தலைமுடியில் பஞ்சு இருந்தது. மில்லில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்று அவள் சொன்னாள். ராத்திரித் தறிகளில் ஒன்று சரியில்லை, பாவு நூல் அடிக்கடி அறுகிறது என்று அவன் சொன்னான். பேசுவதற்கு எந்த அவசரமும் இல்லாமல் பேசுவது எப்படி என்பது இருவருக்கும் கொஞ்சம் மறந்துபோயிருந்தது.

"மோட்டார் போடட்டுங்களா?" என்று அவள் கேட்டாள். முன்பெல்லாம் கேட்கமாட்டாள்.

"போடு."

அவள் சுவிட்சைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, சுவிட்சில் ஒரு விரலை வைத்தபடி நின்றாள். பாதி நிரம்பியதும் அமத்தினாள். வெள்ளிங்கிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது.

பூவாத்தாளே கேட்டாள். "கூட்டத்துல எந்திரிச்சு, எங்கிட்ட ஏதோ பேச்சு பாக்கின்னு சொன்னீங்களாமா? வேன்ல ஒரு வாரம் அதே சிரிப்பு."

"ஆமா."

"என்னதுங்க?"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஏழு ஆகவில்லை. எட்டு இருந்தது, ஒன்பது இருந்தது, பத்தும் அதற்குமேல் மத்தியானம் வரைக்கும் இருந்தது. அவள் கண் மூடி மூடித் திறந்தது. எட்டு மாதமாக அவன் மனத்துக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் இந்த வெளிச்சத்தில் ஒன்றும் பொருந்துவதாக இல்லை. இத்தனை நேரம் கையில் இருக்கும்போது, தூக்கம் கட்டிய கண்ணோடு நிற்பவளிடம் அதை எதற்கு அள்ளிக் கொட்டவேண்டும் என்று தோன்றியது.

"அவசரமில்ல புள்ள. மொதல்ல தூங்கு. சாவகாசமாப் பேசிக்கலாம்."

"செரிங்க" என்றாள் பூவாத்தாள்.

அவள் பாயை விரித்தாள். அவன் கொஞ்சம் தள்ளித் தன் பாயை விரித்தான். வெகுநேரம் அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தான். மறுநாள் காலையில் அவளுடைய அக்காள் போன் செய்து எட்டரை வரை பேசினாள். அதற்கு மறுநாள் அவன் வெற்றிலை வாங்கி வந்தான், பாக்கு வாங்க மறந்திருந்தான். நாளைக்கு வாங்கிவருகிறேன் என்றான். வாங்கிட்டு வாங்க என்றாள். அந்த வார்த்தையைச் சொன்னபோது அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

ஜூலை முதல் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி முதல் பத்து மணி வரையிலான நேரமும் உச்ச நேரம் என்று அரசாணை வெளியானது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, இரவு ஷிப்ட்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நொச்சிப்புதூர் தறி உரிமையாளர் சங்கம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூடியது. அந்த நேரமும் வேண்டாம் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, பூசாரி மணியை அடித்தார்.